ஏர் இந்தியா டிக்கெட்டை வாசிப்பது எப்படி: வரலாறு, வழித்தடம், முன்பதிவு முறை – முழுமையான வழிகாட்டி

விமான டிக்கெட் மின்னஞ்சலில் வந்ததும் பெரும்பாலோர் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். அதில் இருக்கும் ஆறெழுத்துக் குறி, 098 என்று தொடங்கும் நீண்ட எண், விமான எண்ணுக்கு முன்னால் வரும் ஏஐ அல்லது ஐஎக்ஸ், ஓரத்தில் ஒற்றை எழுத்தாக நிற்கும் வகுப்பு ஆகியவை எதற்கு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. விமானம் ரத்தாகும்போதும், நேரம் மாறும்போதும், கவுன்டரில் இருப்பவர் “உங்க பேர் லிஸ்ட்ல காட்டலையே” என்று சொல்லும்போதும் நமக்குக் கைகொடுப்பவை இவைதான்.

முன்பதிவு முறையை மட்டும் தனியாக விளக்கிவிடலாம். ஆனால் ஒரு தேசிய விமான நிறுவனம் எங்கே பறக்கிறது, ஏன் சில ஊர்களுக்கு நேரடியாகப் போவதில்லை, ஏன் அதன் விமான எண்கள் அப்படி இருக்கின்றன என்பதற்கெல்லாம் விடை அதன் வரலாற்றில் இருக்கிறது. அதனால் மூன்றையும் சேர்த்தே பார்ப்போம்.

படி 1: யாருடைய விமானம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏஐ என்றால் ஏர் இந்தியா. ஐஎக்ஸ் என்றால் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஒரே குழுமம்தான், ஆனால் இரண்டும் தனித்தனி நிறுவனங்கள். லக்கேஜ் அளவு, சாப்பாடு, மாற்றக் கட்டணம் எல்லாம் வேறு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவது எக்ஸ்பிரஸில். “ஏர் இந்தியாவில்தான் போகிறேன்” என்று நினைத்துக்கொண்டு ஏர் இந்தியாவின் இணையதளத்தில் லக்கேஜ் விதியைப் படித்துவிட்டுப் போனால், விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டிவரும்.

இந்தக் குழுமம் எப்படி வந்தது என்பதற்கு 1932 வரை பின்னால் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளை ஏற்றிக்கொண்டு புஸ் மாத் என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பினார். அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பி, பம்பாயின் ஜுஹுவில் தரையிறங்கினார். அங்கிருந்து அஞ்சலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சிவரை கொண்டுவரும் கடிதங்களைத் தெற்கே சேர்ப்பதுதான் வேலை. இந்தியாவின் முதல் பெரிய விமானச் சேவையின் கடைசி நிறுத்தம் நம் மெட்ராஸ்! இதை நாம் இன்னும் கொஞ்சம் பெருமையோடு நினைவில் வைத்திருக்கலாம். ஜுஹுவில் அன்று ஓடுதளம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, வெறும் மண்தரை. மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடும் என்பதால் சேவையைப் பூனாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் அந்தச் சேவை ஏற்றிச்சென்ற பயணிகள் 155 பேர்.

1946 ஜூலையில் டாடா ஏர்லைன்ஸ் பொது நிறுவனமாகி ஏர் இந்தியா என்ற பெயரைப் பெற்றது. தலைவணங்கி நிற்கும் மகாராஜா உருவமும் அதே ஆண்டில் வந்தது. நிறுவனத்தின் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கியது. 1948 ஜூன் 8 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. சுதந்திரம் கிடைத்துப் பத்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமை ஆனது. இங்கேதான் ஒரு பெரிய பிரிவு தொடங்குகிறது. வெளிநாட்டுச் சேவைக்கு ஒரு கழகம், எட்டு உள்நாட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இன்னொரு கழகம். ஐசி என்ற முன்னெழுத்து இந்தியன் ஏர்லைன்ஸுடையது; 1999இல் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட ஐசி 814 அந்த நிறுவனத்தின் விமானம். அரை நூற்றாண்டுக்கும் மேல் தனித்தனியாக வளர்ந்த இரு நிறுவனங்களையும் 2007இல் இணைத்தார்கள். ஊழியர் அமைப்பு, சம்பள முறை, கணினி அமைப்பு எல்லாமே வேறாக இருந்த இரண்டு நிறுவனங்கள். அதற்குச் சற்று முன்புதான் ஒன்று 68 போயிங் விமானங்களுக்கும் மற்றது 43 ஏர்பஸ் விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தன. அந்தக் கடன் சுமையிலிருந்து ஏர் இந்தியா அரசுக் கையில் இருந்தவரை மீளவே இல்லை. என் கணிப்பில், நிறுவனத்தின் சரிவுக்கு ஊழியர்களைக் குறைசொல்வது எளிது. ஆனால் இந்த இணைப்பும் அந்த ஆர்டர்களும் ஒரே நேரத்தில் வந்ததுதான் அதன் முதுகை ஒடித்தது.

2018இல் 76 சதவீதப் பங்கை விற்க முயன்றபோது வாங்க ஒருவரும் வரவில்லை. 2021 அக்டோபரில் டாடா குழுமம் 18,000 கோடி ரூபாய் மதிப்பில் ஏலத்தை வென்றது. அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வது, மீதி 2,700 கோடி ரொக்கம். 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் கைமாறியது. 2024 அக்டோபரில் ஏர் ஏசியா இந்தியாவாக இருந்த நிறுவனம் எக்ஸ்பிரஸுடனும், நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடனும் இணைந்தன. விஸ்தாராவில் கூட்டாளியாக இருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு இப்போது ஏர் இந்தியாவில் 25.1 சதவீதப் பங்கு இருக்கிறது.

அரசுடைமை போய்விட்டது. இருந்தும் இதைத் தேசிய விமான நிறுவனம் என்றே பலரும் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, அம்மானிலிருந்து 59 நாட்களில் 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தது ஏர் இந்தியா. உலகில் இதுவரை பயணிகள் விமான நிறுவனம் நடத்திய மிகப் பெரிய மீட்புப் பணிகளில் முதல் இடத்தில் வைக்கப்படுவது அது. 2020 மே மாதம் ‘வந்தே பாரத்’ திட்டத்தில் முதலில் கிளம்பியவையும் அபுதாபி, துபாயிலிருந்து கேரளத்துக்கு வந்த எக்ஸ்பிரஸ் விமானங்கள்தான்.

படி 2: விமான எண்ணை வாசியுங்கள்

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் ஏர் இந்தியாவின் நெடுந்தூர விமானங்களில் பெரும்பாலும் ஒரு பழக்கம் உண்டு: இந்தியாவிலிருந்து கிளம்புவது ஒற்றைப்படை எண், திரும்புவது இரட்டைப்படை எண். டெல்லி–நியூயார்க் ஏஐ 101, திரும்புவது ஏஐ 102. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ ஏஐ 173, திரும்புவது 174.

ஏஐ 2 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் கண்ணில் பட்டால், அது பழைய விஸ்தாரா விமானமாக இருக்கலாம். இணைப்பின்போது விஸ்தாராவின் யுகே 955 என்று இருந்தது ஏஐ 2955 ஆனது. இருக்கை அமைப்பும் உட்புறமும் வேறாக இருக்கும். ஒரே வழித்தடத்தில் இரண்டு வகை விமானங்கள் ஓடினால் இதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

பெரிய விபத்தில் சிக்கிய எண்ணை நிறுவனங்கள் பெரும்பாலும் பிறகு பயன்படுத்துவதில்லை. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் குண்டுவெடிப்பில் சிதறிய ‘கனிஷ்கா’ ஏஐ 182. அதில் இருந்த 329 பேரும் இறந்தார்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏஐ 171இல் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். இரண்டு எண்களும் இன்று அட்டவணையில் இல்லை.

எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் “இயக்குபவர்” என்று இன்னொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர் இந்தியா 2014 ஜூலையிலிருந்து ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கிறது. அதனால் ஏஐ எண்ணில் விற்கப்படும் விமானத்தைக் கூட்டாளி நிறுவனம் ஓட்டலாம். இதைக் கோட்ஷேர் என்பார்கள். செக்-இன் கவுன்டரும் டெர்மினலும் விமானத்தை ஓட்டுபவருடையது. டிக்கெட் விற்றவருடைய கவுன்டரில் போய் நின்றால் நேரம் வீணாகும்.

படி 3: வழித்தடம் ஏன் இப்படிப் போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு நிறுவனம் நினைத்த ஊருக்கெல்லாம் பறந்துவிட முடியாது. இரண்டு நாட்டு அரசுகள் பேசி, வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊர் என்று ஒப்பந்தம் போட்டால்தான் சேவை. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்ற உச்சவரம்பு இருக்கிறது. பண்டிகை, பள்ளி விடுமுறைக் காலங்களில் துபாய் டிக்கெட் விலை எகிறுவதற்கு இந்த வரம்பும் ஒரு காரணம்.

இரண்டாவது, விமானத்தின் திறன். 1950களில் கான்ஸ்டலேஷனுக்கு லண்டன் போகவே நடுவில் இரண்டு முறை இறங்க வேண்டும். போயிங் 707 ஜெட் வந்த பிறகு, 1960 மே மாதம்தான் நியூயார்க் சேவை சாத்தியமானது, அதுவும் லண்டன் வழியாக. 1962இல் முழுக்க ஜெட் விமானங்களை மட்டுமே இயக்கும் நிறுவனமாக ஏர் இந்தியா மாறியது. இன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநிற்காமல் போக முடிகிறது. 2016 அக்டோபரில் இந்த வழித்தடத்தில் ஒரு நல்ல மாற்றம் செய்தார்கள்: அட்லாண்டிக் வழியாகப் போவதை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாகக் கிழக்கே போனார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆகக் கூடியது. ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் பயண நேரம் குறைந்தது. 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்துக்கு மேலாகப் பறந்து பெங்களூரு வந்து சேர்ந்தார்கள்; சுமார் 14,000 கி.மீ.

மூன்றாவது, வான்வெளி. இதுதான் இன்று பயணிகளை அதிகம் பாதிக்கிறது. 2018 மார்ச்சில் சவூதி அரேபியா அனுமதித்ததால் டெல்லி–டெல் அவிவ் விமானம் அந்நாட்டுக்கு மேலாகப் பறந்தது. அதுவரை இஸ்ரேல் போகும் எந்தப் பயணிகள் சேவைக்கும் கிடைக்காத அனுமதி அது. மறுபக்கம், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. சில வட அமெரிக்க விமானங்கள் வியன்னாவில் நின்று எரிபொருள் நிரப்பின. டெல்லி–வாஷிங்டன் சேவை 2025 செப்டம்பர் முதல் நிறுத்தப்பட்டது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது? டிக்கெட் வாங்கும்போது மூன்று சொற்களைப் பிரித்துப் பாருங்கள். ‘நான்-ஸ்டாப்’ என்றால் நடுவில் எங்கும் இறங்காது. ‘டைரக்ட்’ என்றால் விமான எண் ஒன்றுதான், ஆனால் நடுவில் இறங்கலாம். ‘கனெக்டிங்’ என்றால் நீங்கள் விமானம் மாற வேண்டும். சுற்றிப்போகும் வழித்தடங்களில் அட்டவணை நேரம் அடிக்கடி மாறும் என்பதால், அமெரிக்காவிலிருந்து டெல்லி வந்து சென்னை விமானம் பிடிப்பவர்கள் ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பாதீர்கள். நான் யாருக்குச் சொன்னாலும் குறைந்தது மூன்று மணி நேரம் என்றுதான் சொல்வேன்.

இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் வாங்குவது இன்னும் முக்கியம். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களைக் கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கினால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராதவர், அவ்வளவுதான். ஆயிரம் இரண்டாயிரம் மிச்சப்படுத்த இதைச் செய்து, கடைசி நிமிட விலையில் புது டிக்கெட் வாங்கியவர்கள் ஏராளம்.

படி 4: முன்பதிவு அமைப்புக்குள் என்ன நடக்கிறது

ஆரம்பத்தில் முன்பதிவு என்பது அட்டைகளும் தொலைபேசியும்தான். ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை. யார் கேட்டாலும் அதைத் தேடி எடுத்து எழுத வேண்டும். கணினிக்கு மாற்றியதில் முன்னோடி அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய சேபர். 1960களின் நடுவில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1949இல் பதினொரு விமான நிறுவனங்கள் சேர்ந்து சீட்டா என்ற தந்தித் தொடர்பு வலையமைப்பைத் தொடங்கியிருந்தன. 1987இல் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்ஸா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் ஆகியவை அமடியஸைத் தொடங்கின. டிராவல்ஸ்காரரின் திரையில் தெரியும் சுருக்கெழுத்துகள் பலவும் அந்தத் தந்திக் காலத்தின் மிச்சம்.

இன்று இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. விமான நிறுவனத்தின் உள்ளே இருக்கும் பயணிச் சேவை அமைப்பு ஒன்று. எத்தனை இருக்கை, யார் பெயரில், செக்-இன் ஆனதா என்பதெல்லாம் அதில். வெளியே டிராவல் ஏஜென்ட்டுகளுக்கு விற்கும் உலகளாவிய விநியோக அமைப்புகள் மற்றொன்று. சேபர், அமடியஸ், டிராவல்போர்ட். நீங்கள் ஏஜென்ட் வழியாக வாங்கினால் ஒரே பயணத்துக்கு இரண்டு பிஎன்ஆர் (முன்பதிவை அடையாளம் காட்டும் அந்த ஆறெழுத்துக் குறி) உருவாகலாம்: ஏஜென்ட்டின் அமைப்பில் ஒன்று, ஏர் இந்தியாவின் அமைப்பில் ஒன்று. இணையதளத்தில் “இந்த முன்பதிவு கிடைக்கவில்லை” என்று வந்தால் பதறாமல் ஏஜென்ட்டிடம் “ஏர்லைன் பிஎன்ஆர் கொடுங்க” என்று கேளுங்கள்.

ஒரு பிஎன்ஆர் முழுமையாக ஐந்து விஷயங்கள் வேண்டும்: பயணி பெயர், பயண விவரம், தொடர்பு எண், டிக்கெட் எடுக்கும் ஏற்பாடு, பதிவு செய்யச் சொன்னவர் யார் என்ற குறிப்பு. இவற்றில் தொடர்பு எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். சில ஏஜென்ட்டுகள் தங்கள் கடை எண்ணை மட்டும் போட்டுவிடுவார்கள். விமான நேரம் மாறினால் குறுஞ்செய்தி கடைக்குப் போகும், உங்களுக்கு வராது. பின்னால் இழப்பீடு கேட்கும்போதும் இது உதைக்கும். அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

பிஎன்ஆரை யாரிடமும் காட்டாதீர்கள். அந்த ஆறெழுத்தும் உங்கள் கடைசிப் பெயரும் இருந்தால் யாரும் உங்கள் முன்பதிவுக்குள் நுழைய முடியும். போர்டிங் பாஸைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். 2021இல் சீட்டாவின் பயணிச் சேவை அமைப்பில் நடந்த ஊடுருவலில் உலகெங்கும் ஏர் இந்தியாவின் சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரங்கள் கசிந்தன. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம்கூட அதில் இருந்தன. அமைப்புக்குள்ளே நடப்பதை நம்மால் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பதை நாமாவது காப்போம்.

படி 5: பெயரைச் சரியாகப் பதியுங்கள்

தமிழர்களுக்கு இந்தப் படி தனியாகவே வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முன்பதிவு அமைப்பு கேட்பதோ கடைசிப் பெயரும் முதல் பெயரும். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் இன்னொரு மாதிரி என்று ஆகிவிடுகிறது.

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரே அளவுகோல் பாஸ்போர்ட்தான். அதிலும் படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும் அல்லவா, கணினி வாசிப்பது அவற்றைத்தான். அங்கே எது கடைசிப் பெயர் இடத்தில் இருக்கிறதோ அதையே டிக்கெட்டிலும் போடுங்கள். அப்பாவின் பெயர் விரிவாக இருந்தால் விரிவாக, இனிஷியலாக இருந்தால் இனிஷியலாக.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. ஏர் இந்தியாவும் எக்ஸ்பிரஸும் அதைச் சுற்றறிக்கையாகவே வெளியிட்டன. வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

போர்டிங் பாஸில் பெயரோடு ‘மிஸ்டர்’ ஒட்டிக்கொண்டு, ரமேஷ்மிஸ்டர் என்பதுபோல் ஒரே சொல்லாக வந்தால் அது பிழை இல்லை. அமைப்பு அப்படித்தான் அச்சிடும்.

படி 6: அந்த ஒற்றை எழுத்து

எகானமி என்பது ஒரே விலை இல்லை. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருபவர்கள் வேறு வேறு விலை கொடுத்திருப்பார்கள். இருக்கைகளை ஒய், பி, எம் என்று எழுத்துகளால் பல விலைக் கூடைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலிவான கூடை காலியானால் அடுத்தது திறக்கும். எழுத்து மாறினால் விலை மட்டும் மாறுவதில்லை. மாற்றக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் பணம், மைல் புள்ளி எல்லாம் மாறும்.

இதில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு பயனுள்ள தந்திரம் உண்டு. மலிவுக் கூடையில் மூன்று இருக்கை மிச்சம் இருக்கும்போது நீங்கள் நான்கு பேருக்குத் தேடினால், நான்கு பேருக்குமே அடுத்த விலையைத்தான் அமைப்பு காட்டும். எனவே முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இருவருக்கு, மூவருக்கு. விலை எங்கே ஏறுகிறதோ அங்கே பிரித்து இரண்டு முன்பதிவாக வாங்கலாம். சிறு குழந்தையோ வயதானவரோ கூட இருந்தால் மட்டும் பிரிக்க வேண்டாம். விமானம் ரத்தானால் இரண்டு முன்பதிவுகளையும் வேறு வேறு விமானத்தில் போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது.

படி 7: டிக்கெட் உண்மையிலேயே எடுக்கப்பட்டதா என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: முன்பதிவு வேறு, டிக்கெட் வேறு. பிஎன்ஆர் என்பது இருக்கையை உங்கள் பெயரில் நிறுத்திவைப்பது. டிக்கெட் என்பது பணம் கட்டியதற்கான ஆவணம். பிஎன்ஆர் இருந்தும் டிக்கெட் எண் இல்லையென்றால், கெடு முடிந்ததும் அமைப்பு தானாகவே இருக்கையை எடுத்துவிடும்.

ஏர் இந்தியா டிக்கெட் எண் 13 இலக்கம். 098 என்று தொடங்கும். பணம் கட்டிய அன்றே அந்த எண்ணை வாங்கிவிடுங்கள். பழைய சிவப்புக் கார்பன் தாள் டிக்கெட் 2008 ஜூனோடு உலகம் முழுவதும் ஒழிந்தது. அதன் கூப்பன்கள் மட்டும் மின்னணு வடிவில் அப்படியே இருக்கின்றன: ஒவ்வொரு பயணத் துண்டுக்கும் ஒரு கூப்பன். வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும். சென்னை–டெல்லி துண்டில் ஏறாமல் நேராக டெல்லி போய் லண்டன் விமானத்தில் ஏற நினைத்தால், மீதி எல்லாம் ரத்தாகியிருக்கும்.

ஏஜென்ட் அனுப்பும் தாளில் நிலைக் குறியைக் கவனியுங்கள். ஹெச்கே என்றால் உறுதி. ஹெச்எல் என்றால் காத்திருப்புப் பட்டியல். யுஎன் என்றால் அந்த விமானம் இனி இல்லை. அதன் பக்கத்தில் டிகே என்று வந்தால் மாற்று நேரம் கொடுத்திருக்கிறார்கள். நேரம் மாறிய பிறகு பிஎன்ஆரில் புது விமானம் வந்திருக்கும், டிக்கெட்டோ பழைய விமானத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கவுன்டரில் நடக்கும் பாதிச் சிக்கலுக்குக் காரணம் இந்தப் பொருத்தமின்மைதான். நேரமாற்றச் செய்தி வந்த நாளே அழைத்து, “டிக்கெட்டை ரீ-இஷ்யூ பண்ணிட்டீங்களா?” என்று கேளுங்கள். பண்ணிவிட்டோம் என்றால் புது டிக்கெட் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 8: ரத்தானால், ஏற்ற மறுத்தால்

இந்தியாவில் இதற்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) வகுத்த விதிகள் இருக்கின்றன. விமானம் ரத்தாகிறது என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது. மோசமான வானிலை, பாதுகாப்பு நெருக்கடி போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. முன்பதிவில் சரியான தொடர்பு விவரம் கொடுக்காதவருக்கும் கிடையாது. படி 4இல் தொலைபேசி எண்ணைப் பற்றி அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

இருக்கையைவிட அதிகம் விற்றுவிட்டு உங்களை ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கொடுத்துவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணத்தின் இருமடங்கும் எரிபொருள் கட்டணமும், உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் என்றால் அடிப்படைக் கட்டணத்தின் நான்கு மடங்கும் எரிபொருள் கட்டணமும், உச்சவரம்பு 20,000. “நீங்களாகவே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுங்கள்” என்று கேட்டால் யோசித்துக் கையெழுத்திடுங்கள். தானாக விலகியவருக்கு இந்தத் தொகை பொருந்தாது.

லக்கேஜ் விஷயத்தில் இந்தியா 2009இல் ஏற்ற மான்ட்ரியல் உடன்படிக்கை வெளிநாட்டுப் பயணங்களுக்குப் பொருந்தும். பெட்டி உடைந்திருந்தால் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள், தாமதமாக வந்தால் வந்து சேர்ந்த 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு. பெல்ட் அருகே இருக்கும் கவுன்டரில் லக்கேஜ் புகார் அறிக்கை வாங்காமல் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராதீர்கள். பெட்டியில் ஒட்டிய சீட்டின் மறுபாதியும் போர்டிங் பாஸும் அதோடு சேர்ந்தே இருக்கட்டும். நிறுவனம் பதில் தராவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பிஎன்ஆர், 098 எண், அந்த அறிக்கையின் எண் மூன்றையும் கொடுத்துப் பதியுங்கள். அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.